சொல்லாமல் வருகிறவர்கள்

ஜெர்மனியில் யாரும் சும்மா வருவதில்லை. முடி வெட்டிக்கொள்ள, பல்லைக் காட்ட, வாடகைக்கு வீடு பார்க்க, விசாவைப் புதுப்பிக்க, எல்லாவற்றுக்கும் முதலில் ஒரு டெர்மின் வாங்க வேண்டும். நாளும் மணியும் குறித்த முன்பதிவு அது. புது வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது சட்டம். அதற்கும் டெர்மின் உண்டு. நட்புக்கும் இதே முறைதான். தினமும் பக்கத்து மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவர், வீட்டுக்குக் காப்பி குடிக்கக் கூப்பிட நினைத்தால் நாட்காட்டியைத் திறந்து மூன்று வாரம் தள்ளி ஒரு ஞாயிற்றுக்கிழமையை எடுத்துத் தருவார். மூன்றரை மணி என்றால் மூன்றரைதான். அன்றைக்கு மேசையில் அவரே சுட்ட கேக் இருக்கும். குழந்தைக்கு ஒரு விளையாட்டுச் சாமான் எடுத்துவைத்திருப்பார். நமக்காக அந்தப் பிற்பகல் முழுவதையும் ஒதுக்கியிருப்பார். அந்த மரியாதையை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நான் ஏங்குவது சொல்லாமல் வருகிற ஆளுக்கு.

திருநெல்வேலியில் எங்கள் வீடு பாளையங்கோட்டைப் பக்கம், பெருமாள்புரத்தில். அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. அவரோடு வேலை பார்த்த ஒருவர் டவுணில், நெல்லையப்பர் கோவிலை ஒட்டிய ஒரு சந்தில் குடியிருந்தார். அப்பாவைவிட மூத்தவர் என்பதால் அப்பாவுக்கு அண்ணாச்சி. எங்களுக்கு டவுண் பெரியப்பா. ஜங்ஷன் வந்து, சுலோசன முதலியார் பாலத்தில் தாமிரபரணியைக் கடந்து, கொக்கிரகுளம், முருகன்குறிச்சி என்று சைக்கிளை மிதித்து, முதுகில் ஒட்டிய சட்டையோடு வாசலில் வந்து நிற்பார். "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்பார். பெருமாள்புரத்தில் அவருக்கு ஒரு சோலியும் கிடையாது. அது அவருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், அதற்குள் காப்பிக்குத் தண்ணீர் வைக்க அடுக்களைக்குப் போய்விட்ட அம்மாவுக்கும் தெரியும்.

கையில் மஞ்சப்பை இருக்கும். தை மாதமென்றால் அதில் பனங்கிழங்கு. மற்ற மாதங்களில் சீனி மிட்டாயோ சேவோ. ஒன்றுமே இல்லாத நாட்களும் உண்டு, அந்த நாட்களிலும் பை இருக்கும். தார்சாவில் அப்பாவுக்கு எதிர் நாற்காலியில் உட்காருவார். பெரிதாகப் பேச்சு ஒன்றும் இருக்காது. பாபநாசம் அணையில் தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது, பஞ்சப்படி எப்போது ஏறும், யார் வீட்டில் பெண்ணுக்கு வரன் பார்க்கிறார்கள். பாதி நேரம் இருவரும் ஒரே தினசரியை ஆளுக்கொரு தாளாகப் பிரித்துக்கொண்டு வாசித்துக்கொண்டிருப்பார்கள். வாசித்து முடித்ததும் தாளை மாற்றிக்கொள்வார்கள். உச்சிப்பொழுது ஆனதும் அம்மா எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, எல போடட்டுமா?" என்பாள். "வேண்டாம் தாயி, இப்பம்தான் சாப்ட்டேன்" என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போவார்.

இது நடப்பதற்காக அம்மா தினமும் செய்துவந்த ஏற்பாட்டை நான் இங்கே வந்த பிறகுதான் யோசித்துப் பார்த்தேன். உலைக்கு அரிசியை அளந்து எடுத்த பின் ஒரு கை கூட அள்ளிப் போடுவாள். வீட்டில் உள்ள யார் கணக்கிலும் சேராத அரிசி அது. யாரும் வரவில்லையென்றால் ராத்திரி தண்ணீர் ஊற்றிவைத்து மறுநாள் பழையது. வரப்போவது யார், எத்தனை மணிக்கு என்று அவளுக்குத் தெரியாது. யாராவது வரக்கூடும் என்பதை மட்டும் ஒரு நாளும் மறந்ததில்லை. ஒரு வீடு இப்படி அன்றாடம் இடம் ஒதுக்கி வைத்திருந்தால்தான் ஒருவர் சொல்லாமல் வந்து நிற்க முடியும். அந்த இடத்தை ஒதுக்கியதற்கு அம்மா கொடுத்த விலையும் எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கண்ணயர்ந்ததை நான் பார்த்ததில்லை. பெரியப்பா போன பிறகுதான் அவள் தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள்.

ஸ்டுட்கார்ட்டில் நான் கார்களின் பிரேக்குக்கான மென்பொருள் எழுதுகிறேன். காட்லீப் டைம்லர் தன் தோட்டத்துப் பட்டறையில் பெட்ரோல் எஞ்சினைப் பண்படுத்தி, 1885இல் அதை ஓர் இருசக்கர வண்டியில் பூட்டிய கான்ஸ்டாட் இந்த நகரத்தின் ஒரு பகுதிதான். எங்கள் வேலையில் எதுவும் முறை தவறி நடக்கக் கூடாது. ஒவ்வொரு பணிக்கும் மில்லி விநாடிக் கணக்கில் நேரம் குறித்திருக்கும். 10 மில்லி விநாடிக்கு ஒருமுறை சக்கரத்தின் வேகத்தைப் படிக்க வேண்டுமென்றால் படித்தே தீர வேண்டும். பிந்தினால் அது பிழை. ஐஎஸ்ஓ 26262 என்ற பாதுகாப்புத் தரம் 2011இல் வந்தது. அதன்படி நாங்கள் எழுதும் நிரலின் ஒவ்வொரு பகுதியும் எந்தத் தேவைக்காக வந்தது, எப்படிச் சோதிக்கப்பட்டது என்று காட்டியாக வேண்டும். இந்த ஒழுங்கு எனக்கு மனதாரப் பிடிக்கும். மழை பெய்த சாலையில் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவரும்போது வண்டி வழுக்காமல் நிற்பது இந்த ஒழுங்கினால்தான். ஆறு மணிக்கு மேல் யாரும் போன் செய்யாத மாலைகளும், வருடத்துக்கு 30 நாள் விடுப்பும், கடைகளெல்லாம் அடைத்துக் கிடக்கும் ஞாயிற்றுக்கிழமையும் இந்த நாட்டின் அதே குணத்திலிருந்துதான் எனக்குக் கிடைத்தன. சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் வேலை பார்த்த வருடங்களில் இவற்றில் எதுவும் எனக்கு இருந்ததில்லை. என் மனைவி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குகிறாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவை நினைத்துக்கொள்வேன்.

இங்கே அடுக்குமாடியில் வீட்டுக்குக் கதவு எண் கிடையாது. கீழ்வாசலில் அழைப்புமணிப் பொத்தான்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு குடும்பப் பெயர். தபால்காரர் அதைப் பார்த்துத்தான் கடிதம் போடுவார். நமக்குக் குடும்பப் பெயர் ஏது? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் இருக்கிறது. ஆகவே அலுவலகத்தில் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். டாக்டரிடம் போனால் என் மகனை அவன் தாத்தா பெயர் சொல்லி உள்ளே அழைக்கிறார்கள். கீழே மணிக்குப் பக்கத்தில் இருப்பதும் அப்பாவின் பெயர். ஊரில் அந்தப் பெயருக்குரிய வீட்டில் மணியே கிடையாது, வருகிறவர்கள் கொண்டியைத் தட்டிவிட்டு உள்ளே வந்துவிடுவார்கள். இங்கே அந்தப் பொத்தானை அழுத்துகிறவர் பார்சல் கொண்டுவருகிறவர் மட்டும். மணி அடித்தால் நானும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம், யார் என்ன வாங்கினோம் என்று.

ஒருமுறை அப்பாவும் அம்மாவும் 90 நாள் விசாவில் வந்திருந்தார்கள். தன் பெயர் வாசலில் இருப்பதைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்பம் சரி, வாரவங்களுக்கு வீடு தெரிஞ்சிரும்" என்றார். பிறகு பெரும்பாலான பகல்களை ஜன்னலோரத்து நாற்காலியில் தெருவைப் பார்த்தபடி கழித்தார்.

எங்கள் மாடியில் எதிர்வீட்டில் ஓர் அம்மாள் இருக்கிறார், எண்பதை நெருங்கும் வயது. ஜெர்மனியில் பத்து வீட்டில் நான்கு வீடு தனி ஆள் வீடு, அவருடையதும் அப்படித்தான். இந்த ஸ்வேபியப் பகுதியில் மாடிப்படி கூட்டுவது வாரம் ஒரு வீட்டின் முறை, கேர்வோஹே என்பார்கள். யார் முறையோ அவர் கதவில் ஒரு சிறு பலகையைத் தொங்கவிட்டுப் போவார்கள். மகன் காய்ச்சலில் கிடந்த வாரம் எங்கள் முறை. காலையில் கதவைத் திறந்தால் படி பளிச்சென்று இருந்தது. பலகை அடுத்த வீட்டுக்கு நகர்ந்திருந்தது. அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையார் சதுர்த்தி அன்று மாலை மனைவி கொழுக்கட்டையை ஒரு கிண்ணத்தில் போட்டுக்கொண்டு போய் அவர் வீட்டு மணியை அடித்தாள். திறந்தவர் முகம் வெளுத்துப்போய், "ஏதாவது நடந்துவிட்டதா?" என்று கேட்டாராம். சொல்லாமல் மணி அடித்தால் அது கெட்ட செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்று பழகியவர். விஷயம் தெரிந்ததும் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. மறுநாள் கிண்ணத்தில் வீட்டில் காய்ச்சிய பிளம் ஜாமும் ஓர் அட்டையும் வந்தன. அட்டையில் அடுத்த சனிக்கிழமை காப்பிக்கு வர இயலுமா என்று மணியோடு கேட்டிருந்தார். போனோம். இப்போதும் போய்வருகிறோம், ஒவ்வொரு முறையும் நாள் குறித்து.

எங்கள் வீட்டுக்கும் ஒரு நாள் சொல்லாமல் ஆள் வந்தது. நாங்கள் அரிசியும் முருங்கைக்காயும் வாங்குகிற கடையை நடத்துகிற ஈழத்து அக்கா. ஒருமுறை மழையில் எங்களைத் தன் காரில் கொண்டுவந்து விட்டவர். அந்த ஒன்றை வைத்து வீட்டைக் கண்டுபிடித்து, மணிப்பலகையில் தமிழ்ப் பெயர் ஒன்றே ஒன்று இருப்பதைப் பார்த்து அழுத்தியிருக்கிறார். கதவைத் திறந்ததும், "இந்தப் பக்கம் வந்தனான், ஒருக்கா பாத்திட்டுப் போவமெண்டு" என்றார். எனக்கு ஒரு கணம் பேச்சு வரவில்லை. "என்ன தம்பி, உள்ள வரச் சொல்ல மாட்டீங்களே?" என்று சிரித்துக்கொண்டே நேராகச் சமையலறைக்குப் போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தேத்தண்ணி குடித்தார். இருந்த சோற்றையும் குழம்பையும் சாப்பிட்டார். மனைவி ஒரு கை அரிசி கூடப் போடுகிற பழக்கத்தை மாமியாரிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். இந்த ஊரில் அது முதல் தடவையாக ஆள் கணக்கில் சேர்ந்தது.

அன்றைக்கு அவர் தன் கதையைச் சொன்னார். 1983 கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்கு வந்தவர்களில் பலர் கிழக்கு பெர்லினில் விமானம் இறங்கி, ரயில் பிடித்து மேற்கு பெர்லினுக்குள் வந்து தஞ்சம் கேட்டவர்கள். அக்காவும் அப்படி வந்தவர்தான். இந்த நாடு அவரைக் கூப்பிடவில்லை. என்னைப் போன்றவர்களைக் கூப்பிட்டது. 2000ஆம் ஆண்டில் சான்சலர் ஷ்ரோடர் கணினித் துறையினர் 20,000 பேருக்கென்று ஒரு கிரீன் கார்டு திட்டம் கொண்டுவந்தார். இந்தியர்களைக் கூட்டிவருவதற்குப் பதில் நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம் என்று அந்த ஆண்டு எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் தேர்தல் கோஷமே வைத்தார். 2012இல் புளூ கார்டு வந்தது. 2024 அக்டோபரில், இந்தியத் திறமைப் பணியாளர்களுக்கு ஆண்டுக்கு 20,000 என்றிருந்த விசாவை 90,000 ஆக்கப்போவதாக அறிவித்தார்கள். நாங்கள் கடிதம் கொடுத்து, சம்பளம் குறித்து, விமானச் சீட்டு போட்டு வரவழைக்கப்பட்டவர்கள். வந்து இத்தனை காலத்தில் நானாக ஒரு வீட்டுக்கும் சொல்லாமல் போனதில்லை. அழைக்கப்படாமல் இந்த நாட்டுக்குள் வந்தவர்தான் அந்தப் பழக்கத்தை இங்கும் கொண்டுவந்து காப்பாற்றிவைத்திருக்கிறார்.

ஹம் நகரத்தில் ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோவிலுக்கு 2002இல் குடமுழுக்கு ஆயிற்று. நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரம் நிற்கும். ஒரு கோடையில் அக்காவோடு அங்கே தேர் பார்க்கப் போனோம். ராத்திரி தங்கியது அவருக்குத் தெரிந்த ஒருவர் வீட்டில். நாங்கள் வருவது அந்த வீட்டாருக்கு நாங்கள் வாசலில் போய் நின்றபோதுதான் தெரியும். கூடத்தில் ஏற்கெனவே பதினைந்து பேர் பாய் விரித்திருந்தார்கள். எங்களுக்கும் இடம் நகர்ந்தது.

அக்காவின் அம்மா செத்தபோது அவரிடம் ஊருக்குப் போய்வர அனுமதிக்கிற காகிதம் இல்லை. சில வாரங்கள் கழித்துத் தபாலில் ஒரு வீடியோ கேசட் வந்தது. அதைத் தன் வீட்டில் போட்டுப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்ததாம். அன்றைக்கு அக்கம்பக்கத்துத் தமிழர்கள் ஒருவர் பின் ஒருவராக, யாரும் கூப்பிடாமல், வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகுதான் கேசட்டைப் போட்டார்.

நல்ல காரியத்துக்குச் சொன்னால் போக வேண்டும், துட்டிக்குச் சொல்லாமலே போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்து முறை. கல்யாணத்துக்கு அழைப்பு வராவிட்டால் கோபித்துக்கொண்டு இருந்துவிடலாம். சாவு என்று காதில் விழுந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிட வேண்டும். சும்மா வருவதும் போவதுமாக இருந்த அத்தனை வருடங்களும் இந்த ஒரு நாளுக்குப் பாதை போட்டுவைத்தது போலத்தான்.

டவுண் பெரியப்பா ஒரு நவம்பர் மாதம் தவறிப்போனார். குளிர்காலத்தில் ஊர் நேரம் எங்களுக்கு நாலரை மணி முன்னால் இருக்கும். அம்மா போன் செய்தபோது இங்கே விடியவில்லை, அங்கே ஆட்கள் வந்து பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுவார்கள். பிராங்க்பர்ட்டிலிருந்து சென்னைக்கு நேர் விமானம் உண்டு, ஒன்பது பத்து மணி நேரம் ஆகும். அதற்கு மேல் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு ஒரு ராத்திரி ரயில். எந்தக் கணக்கிலும் அந்தச் சாயங்காலத்தை எட்ட முடியாது. இங்கே பெற்றோரோ மனைவியோ பிள்ளையோ இறந்தால் தனி விடுப்பு தருவது வழக்கம். அப்பாவின் நண்பருக்கு அந்தப் பட்டியலில் எந்த நாட்டிலும் இடம் இருக்காது. அக்காவுக்குக் கேசட்டில் வந்தது எனக்கு வாட்ஸாப்பில் வந்தது. பெரியம்மாவிடம் போனில் பேசினேன். என்ன சொல்ல முடியும்? துட்டி வீட்டில் போய்ப் பேச வேண்டியதில்லை, ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தால் போதும். போனில் உட்கார முடியவில்லை. மூன்று நிமிஷத்தில் சொல் தீர்ந்துவிட்டது. "வச்சிரவா ராசா, ஆளுக வந்திருக்கு" என்றாள்.

அதற்குப் பிறகு அப்பாவிடம் பேசும்போதெல்லாம் யார் வந்தார்கள் என்று கேட்கிறேன். "யாரு வருவா" என்கிறார். அப்பாவையும் அம்மாவையும் என்னோடு கொண்டுவந்து வைத்துக்கொள்ள வழி பார்த்தேன். 2024 மார்ச் 1க்குப் பிறகு முதல் அனுமதி பெற்ற திறமைப் பணியாளர்கள் பெற்றோரை அழைத்து வைத்துக்கொள்ளலாம் என்று இப்போது சட்டம் இருக்கிறது. நான் அதற்கு முன்பே வந்தவன். அந்தக் கதவு எனக்குத் திறக்காது. திறந்தாலும் அப்பாவுக்கு இங்கே அந்த ஜன்னல் நாற்காலியைத் தவிர என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தே இருக்கிறது. நிரந்தரமாகத் தங்கும் அனுமதி கிடைத்துவிட்டது. ஐந்து வருடம் ஆனவர்கள் இப்போது குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கலாம், பழைய குடியுரிமையை விடும்படி ஜெர்மனி கேட்பதில்லை. இந்தியா இரண்டை ஒப்புக்கொள்ளாது. ஜெர்மானியனாக ஆன பிறகு பெருமாள்புரத்துக்குப் போக எனக்கு இந்திய அரசு தரும் ஒரு அட்டையோ விசாவோ தேவைப்படும். விண்ணப்பத்தை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். யாரிடமும் அனுமதி கேட்காமல் என் ஊருக்குள் போய் நிற்கிற உரிமை ஒன்றாவது கையில் இருக்கட்டும்.

மறுவருடம் நவம்பரில் ஊருக்குப் போனேன். கூடப் படித்த ஒருவன் வீட்டுக்கு முதலில், சொல்லாமல் போனேன். இப்போது அவன் வளாகக் காவலுள்ள அடுக்குமாடியில் இருக்கிறான். காவலர் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு, மேலே போன் போட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கினார். நண்பன் லிப்டில் இறங்கி ஓடிவந்து, "என்னல, என்ன விசயம், ஒரு போன் போட்டிருக்கலாம்லா" என்றான். அன்பாகத்தான் கேட்டான். ஊரும் மாறிக்கொண்டிருக்கிறது, நான் விட்டுப்போன இடத்தில் அது எனக்காக நின்றுகொண்டிருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

டவுணுக்குப் பஸ்ஸில் போனேன். பாலத்தைக் கடக்கும்போது ஆற்றில் நல்ல தண்ணீர். பெரியம்மா வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள், யார் என்று கேட்கவில்லை, எப்போது வந்தாய் என்றும் கேட்கவில்லை. நகர்ந்து இடம் விட்டாள். நானும் உட்கார்ந்து ஒரு பிடி கீரையை எடுத்துக்கொண்டேன். பெரியப்பாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பென்ஷன் மாற்றத்துக்கு அலைந்தது, எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது, முழங்கால் வலி, ஜெர்மனியில் வெற்றிலை கிடைக்குமா என்று நிறையப் பேசினோம். சாப்பிட்டேன். சுவரில் அவர் படத்துக்குக் கீழே அந்த மஞ்சப்பை ஆணியில் தொங்கியது. அதில் இப்போது ரேஷன் அட்டை வைத்திருக்கிறாள்.

துட்டி கேட்கப் போன வீட்டில் சொல்லிக்கொண்டு புறப்படக் கூடாது. ஆகையால் பேசாமல் எழுந்து செருப்பை மாட்டினேன். "என்னடே, பேசாம எந்திரிச்சிட்ட? வருசம் கழிஞ்சிட்டுல்லா, சொல்லிட்டுப் போ" என்றாள்.

"போயிட்டு வாரேன் பெரியம்மா."

"எப்பம்?"

"ஆனித் தேருக்கு வாரேன்."

"அப்பம் அவளையும் பிள்ளையையும் கூட்டிட்டு வா. வரும்போது முன்கூட்டியே சொல்லு, சொதி வைக்கேன்."

ஸ்டுட்கார்ட்டில் எங்கள் குழுவில் அடுத்த வருடத்து விடுப்புத் தேதிகளை டிசம்பருக்குள் கொடுத்துவிட வேண்டும். தேர் என்றைக்கு ஓடும் என்று பஞ்சாங்கம் பார்த்துச் சொல்ல அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அந்தத் தேதிக்கு முன்னும் பின்னுமாகச் சேர்த்து மூன்று வாரம் போடப்போகிறேன். தேருக்கு ஒரு நாள், பெரியம்மா வீட்டுச் சொதிக்கு ஒரு நாள். மீதி நாட்களில் எந்தெந்த வீட்டுக்குப் போவேன் என்று யாரிடமும் சொல்வதாக இல்லை.